மலைமேல் வகுப்பறை – 7: இறங்கிய எண்கள் ஏறி வரட்டும்

ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களின் தொடக்கப் பள்ளிகளைப் பற்றிப் போன வாரம் பார்த்தோம். ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில், பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட அதற்கு எதுவரை படிக்க வருகிறது என்பதுதான் முக்கியம்.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இதைத்தான் கையில் எடுத்தது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும் சேர்ந்தன. இதில் பிள்ளைகளுக்கு மூன்று நிலைகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டவே தடுமாறினால் அது அரும்பு. தன் வகுப்புக்குரியதைப் படித்துவிட்டால் மலர். இடையில் நிற்பது மொட்டு. மதிப்பீடு செல்பேசிச் செயலியில் பதிவாகிறது. அன்றாட வருகையும் அப்படித்தான். எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ தகவல் தளத்தில் சேர்ந்து, அதிகாரிகளின் டேஷ்போர்டில் வட்டார வாரியாக, மாவட்ட வாரியாக விரிகிறது.

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலத்துக்கும் சென்னைக்கும் போகும் இந்த எண்கள், திரும்ப மலையேறி வகுப்பறைக்கு வந்தாக வேண்டும். பதிவு வேலை பாட நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. அது நியாயமான குரல். செல்பேசிக் கோபுரம் எட்டாத ஊரில் அந்தச் சுமை இரட்டிப்பாகும்.

2007-08இல் மாநிலமெங்கும் வந்த செயல்வழிக் கற்றலில் திரை கிடையாது. வகுப்பறையிலேயே ஏணிப்படி அட்டவணை இருந்தது. எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்து எந்த அட்டையை எடுக்க வேண்டும் என்று பிள்ளையே பார்த்துக்கொண்டது. அந்தத் தகவலுக்கு முதல் வாசகர் பிள்ளை, அடுத்தவர் ஆசிரியர். அந்த வரிசையை நாம் இழந்திருக்கக் கூடாது.

இன்னொன்று, சதவிகிதம். பதினைந்து பேர் படிக்கும் மலைப்பள்ளியில் ஒரு பிள்ளை வராவிட்டால் வருகை ஏறக்குறைய 7 விழுக்காடு சரிகிறது. சமவெளியில் 300 பேர் படிக்கும் பள்ளியில் அதே ஒரு பிள்ளையால் அரை விழுக்காடுகூடக் குறையாது. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்துச் சிவப்பு, பச்சை பூசுவதில் என்ன பயன்? நவம்பரில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டால், பெற்றோரோடு எஸ்டேட்டுக்குப் போகும் பிள்ளையின் பெயர்தான் தெரிய வேண்டும். சென்ற ஆண்டு இதே மாதங்களில் அது எத்தனை நாள் வரவில்லை, அதற்குப் பின் எங்கே சறுக்கியது என்று தெரிந்தால், அறுவடைக்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்தப் பிள்ளையின் தாயிடம் பேசலாம். வட்டார வளமையத்திலிருந்து வரும் ஆசிரியப் பயிற்றுநரும் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரலாம்.

நிலையின் பெயரும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இங்குள்ள மலையாளி மக்கள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் பழங்குடியினர். வீட்டுப் பேச்சுக்கும் பாடநூல் தமிழுக்கும் நடுவில் தயங்கி வாய் திறக்காத பிள்ளையும் அரும்பில்தான் விழும். எழுத்தே தெரியாத பிள்ளையும் அரும்பில்தான் விழும். முதல் பிள்ளைக்கு வேண்டியது பேச்சும் கதையும். இரண்டாவதற்கு எழுத்துப் பயிற்சி. இந்த வேறுபாடு ஆசிரியருக்குத் தெரியும். பிள்ளையின் பெயருக்கு நேரே அதை ஒரு வரியில் எழுத அவருக்கு இடம் வேண்டும். மதிப்பீட்டைப் பார்க்கும் ஒவ்வொரு அதிகாரியும் அந்த வரியைப் படித்த பிறகே கேள்வி கேட்க வேண்டும்.

(தொடரும்)