கியோட்டோவில் மாசி வாசனை

செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறியதுமே மூக்கில் ஏறியது மாசி வாசனை. தூத்துக்குடிக்காரன் மூக்கு இதில் ஏமாறாது. கியோட்டோவில், இழுத்துத் திறக்கும் கதவுகள் வைத்த பழைய வீட்டில், மாசிக் கருவாட்டுக்கு என்ன வேலை?

மூன்று வாரப் பயிற்சிக்கு வந்த என்னை அந்த வீட்டார் தங்கவைத்திருந்தார்கள். அப்பா, அம்மா, பாட்டி, கல்லூரியில் படிக்கும் மகன். மகனுக்கு மட்டும் ஆங்கிலம் வரும். வீட்டம்மாவை அவனைப்போலவே நானும் ‘ஒகாசான்’ என்றுதான் கூப்பிட்டேன். அம்மா என்று அர்த்தம்.

வாசனையைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போனேன். தச்சரின் இழைப்புளியைத் தலைகீழாகப் பதித்தாற்போல ஒரு சின்ன மரப்பெட்டி. விறகுத் துண்டு போன்ற எதையோ பாட்டி அதன்மேல் தேய்க்க, கீழே இழுப்பறையில் இளஞ்சிவப்புச் சுருள்கள் விழுந்தன. கட்சுவோபுஷி. சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, உயர்ந்த ரகமென்றால் பூஞ்சையும் பிடிக்கவிட்டு, மாதக்கணக்கில் காயவைப்பது. இரண்டு துண்டைத் தட்டினால் கட்டையோடு கட்டை மோதும் சத்தம். நம் மாசியும் இதே சூரைதான். மாலத்தீவிலும் மினிக்காயிலும் அவித்துப் புகையூட்டி வெயிலில் போடுகிறார்கள். பூஞ்சை வேலை மட்டும் கிடையாது. நாம் அதை இடித்துச் சம்பலில் போடுகிறோம். பாட்டியோ ஒரு பிடிச் சுருளை வெந்நீரில் போட்டார், இரண்டே நிமிடத்தில் வடித்துச் சக்கையை ஒதுக்கிவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை. மறுநாள் காலை அந்தச் சக்கையே சோயா சாஸில் வறுபட்டுச் சோற்றுக்கு மேலே வந்த பிறகுதான் ஆறியது.

வெந்நீர் என்றேன், அது வெறும் தண்ணீரில்லை. முந்தின இரவே கொம்பு ஊறிய தண்ணீர். மாட்டுக்கொம்பு அல்ல, ஹொக்கைடோ கடலில் விளையும் பட்டையான பாசிக்கு அங்கே அதுதான் பெயர். இந்தச் சாற்றின் ருசி இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எதிலும் அடங்கவில்லையே என்று குடைந்த கிக்குனாயே இக்கேதா என்ற வேதியியல் பேராசிரியர், 1908இல் அதிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்த ருசிக்கு ‘உமாமி’ என்று பேர் வைத்தார். அடுத்த வருஷமே அஜினமோட்டோ கடைக்கு வந்துவிட்டது.

சாப்பாட்டில் இடப்பக்கம் சோறு, வலப்பக்கம் அந்தச் சாற்றில் மிசோ என்ற சோயா விழுதைக் கரைத்த சூப், உப்புத் தடவிச் சுட்ட கானாங்கெளுத்தி, எள் அரைத்துப் பிசறிய கீரை, தவிட்டில் ஊறிய வெள்ளரி. ‘வாஷோகு’ என்று 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது இந்த மாதிரிச் சாப்பாடுதான். அதைப் பெருமையாக ஒகாசானிடம் சொன்னேன். அவர் இன்னும் இரண்டு வெள்ளரித் துண்டு வைத்தார்.

உள்ளதைச் சொன்னால், சூப் முதல் வாய்க்குச் சப்பென்று இருந்தது. மூன்றாம் நாள்தான் நாக்கு உறைப்பைத் தேடுவதை விட்டது. நாலாம் நாள் இன்னொரு கிண்ணம் கேட்டேன். தட்டைக் கையில் தூக்கினால் எங்கள் ஆச்சி முதுகில் ஒன்று வைப்பாள். இங்கே கிண்ணத்தைத் தூக்காமல் குனிந்து சாப்பிட்டால்தான் தப்பு. ஒருநாள் பாசமாகப் பாட்டிக்கு ஒரு முள்ளங்கித் துண்டை என் குச்சியால் எடுத்து நீட்டினேன். பாட்டி குச்சியை நீட்டவில்லை, தட்டை நீட்டினார். தகனத்துக்குப் பிறகு எலும்பைத்தான் குச்சிக்குக் குச்சி வாங்குவார்கள் என்று மகன் அப்புறம் காதோடு சொன்னான்.

பயிற்சிக்கு வந்த இன்னொருவர் முதலிலேயே பயமுறுத்தியிருந்தார். கியோட்டோக்காரர் வந்தவரிடம் ‘புபுசுகே சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால், ‘எழுந்து கிளம்பு’ என்று அர்த்தமாம். சுடு தேநீர் ஊற்றிய சோறுதான் புபுசுகே.

கடைசி இரவு மணி ஒன்பது. தட்டுகளை எடுத்துக்கொண்டே ஒகாசான் கேட்டார்: “புபுசுகே?”

சட்டென்று எழுந்துவிட்டேன். பெட்டி கட்டவா, நன்றி சொல்லவா என்று புரியவில்லை. மகன் விஷயத்தைப் புரிந்துகொண்டு எல்லோருக்கும் சொல்ல, அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. பாட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். மிச்சமிருந்த சோற்றின்மேல் தேநீர் விழுந்தது, அதன்மேல் ஒரு பிடிச் சுருள். ஆவி பட்டு அவை உயிருள்ளவைபோல நெளிந்தன. “பசிக்கிறதா என்றுதான் கேட்டாளாம்” என்றான் மகன்.