வருடம் தெரியாத மணிக்கூடு

தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்தில் இரவுக்கும் பகலுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நுவரெலியாப் பக்கமிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிய லொறி நள்ளிரவு கடந்து வரும். ஏ9 வீதி வழியே வடக்கிலிருந்து இன்னொன்று வரும். சுற்றுவட்டாரப் பெரிய வெங்காயம் தன் காலத்தில் வந்து குவியும். 1999இல் தொடங்கிய இந்தச் சந்தையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைக்கும், நிறுவை எழுதும் பையனுக்கும், விடிவதற்குள் கொழும்புக்குச் சரக்குச் சேர்க்கவேண்டிய சாரதிக்கும் ஒரே கேள்விதான் அடிக்கடி வரும்: நேரம் என்ன?

போன் இருக்கிறதே என்பீர்கள். தக்காளிப் பெட்டி இறக்கிய கையோடு, மண்ணும் சாறுமாக, காற்சட்டைப் பைக்குள் கைவிட்டவருக்குத் தெரியும் அந்தச் சிரமம். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. நேரம் பார்க்கக்கூடப் போனைத் திறக்க மனம் வராது. இருக்கிற சார்ஜ் வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுக்கவாவது மிஞ்சவேண்டுமே. கையில் கட்டிய மலிவான டிஜிட்டல் மணிக்கூட்டுக்கு அந்தக் கவலை இல்லை. சட்டைப் பொத்தான் அளவுப் பற்றரி ஒன்றோடு அது வருடக்கணக்கில் ஓடும்.

இப்படிப்பட்ட மணிக்கூடுகளில் உலகெங்கும் கைகளில் காணக்கூடியது கசியோ நிறுவனத்தின் எஃப்-91டபிள்யூ. சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கலாம். 1989இல் சந்தைக்கு வந்தது. இன்றும் ஏறக்குறைய அதே உருவத்தில் விற்பனையாகிறது. வடிவமைத்தவர் ரியுசுகே மொரியாய். கசியோவில் அவர் வடிவமைத்த முதல் மணிக்கூடே இதுதான். வாங்க நினைப்பவருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே: இது எதையெதைச் செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஏமாற்றம் அடைபவர்கள் பெரும்பாலும் அது தராத ஒன்றை அதனிடம் எதிர்பார்த்தவர்கள்தான்.

முதலில் அதன் பலம். எடை 21 கிராம், தடிப்பு எட்டரை மில்லிமீட்டர். கையிலிருந்து நழுவி சீமெந்துத் தரையில் விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. காரணம் எளிது. பொருள் இலேசாக இருந்தால், விழுந்து தரையில் மோதும்போது அது தாங்கவேண்டிய அடியும் குறைவு. உள்ளே சுழலும் முள்ளோ பற்சக்கரமோ இல்லை. குலுங்கி இடம் மாற எதுவுமில்லை. இதே கசியோவில் கிகுவோ இபே என்ற பொறியியலாளர், தகப்பன் தந்த மணிக்கூடு விழுந்து உடைந்த வருத்தத்தில், உடையாத மணிக்கூடு ஒன்றைச் செய்யப் புறப்பட்டு, 200 வரையான மாதிரிகளைச் சோதித்து, 1983இல் முதல் ஜி-ஷாக்கைக் கொண்டுவந்தார். அது தடித்த கவசம் போட்டு அடியைத் தாங்குகிறது. எஃப்-91டபிள்யூ எடையைக் குறைத்து அடியையே சிறிதாக்கிக்கொள்கிறது. மூட்டை தூக்கும் கைக்கு இந்த இரண்டாவது வழி கூடுதலாகப் பொருந்தும். சாக்கு நூலிலும் பெட்டிக் கம்பியிலும் கொளுவாமல் தட்டையாகக் கிடக்கும் என்பது பெரிய சௌகரியம்.

நேரத்தைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம். மின்சாரம் பட்டதும் அது செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். அந்த எண்ணைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, 15 தடவை பிரித்தால் செக்கனுக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். அதை எண்ணித்தான் திரையில் இலக்கம் மாறுகிறது. மாதத்துக்கு 30 செக்கன் வரை கூடலாம், குறையலாம் என்று கசியோவே சொல்கிறது. வருடம் முழுக்கத் திருத்தாமல் விட்டால், மோசமான நிலையில் ஆறு நிமிடம். மாதம் ஒருமுறை போனைப் பார்த்துச் சரிசெய்தால் போதும். சரிசெய்வது இப்படி: இடது கீழ்ப் பொத்தானை மூன்று தடவை அழுத்தினால் செக்கன் மின்னும். வலது பொத்தானைத் தட்டினால் செக்கன் பூச்சியமாகும். இடது மேல் பொத்தான் அடுத்ததற்குத் தாண்டும்: மணி, நிமிடம், மாதம், திகதி, கிழமை.

இந்த வரிசையில் ஒன்று குறைவதைக் கவனித்தீர்களா? வருடம் இல்லை. எந்த வருடம் என்று இந்த மணிக்கூட்டுக்குத் தெரியாது. ஆகவே எது லீப் வருடம் என்றும் தெரியாது. பெப்ரவரிக்கு எப்போதும் 28 நாள்தான் என்று அது வைத்துக்கொள்ளும். 2024 பெப்ரவரி 29 அன்று திகதி 1 என்று காட்டியதைப் பார்த்து, பழுதாகிவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. பழுதில்லை.

எங்கள் நாட்டில் மணிக்கூடு திருத்தவேண்டிய வேறு சந்தர்ப்பங்களும் வந்திருக்கின்றன. 1996இல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது, மே மாதம் 25ஆம் திகதி நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கினார்கள். பத்து வருடத்துக்குக் கிட்ட அந்த அரை மணித்தியாலம் அப்படியே நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. தம்புள்ளையைத் தாண்டி ஏ9இல் வடக்கே போனவர் வன்னிக்குள் கையில் ஒரு நேரமும் ஊரில் இன்னொரு நேரமுமாக இருந்தார். 2006 ஏப்ரல் 15இல், புதுவருடத்துக்கு மறுநாள், நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியது. எஃப்-91டபிள்யூவில் இலக்கம் முன்னோக்கி மட்டுமே நகரும். அரை மணித்தியாலம் பின்போக, நிமிடத்தையும் தேவைப்பட்டால் மணியையும் சுற்றிவர விடவேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் வேகமாக ஓடும். செய்து பழகியவருக்கு அரை நிமிட வேலை.

இனி, அது செய்யாதவை. முதலாவது தண்ணீர். முகப்பில் 'வாட்டர் ரெசிஸ்ட்' என்று எழுதியிருப்பதை நம்பிக் கண்டலம குளத்தில் குதிக்காதீர்கள். எண் எதுவும் போடாமல் அந்தச் சொல் மட்டும் இருந்தால் மழைத்தூறலும் கைகழுவும் தண்ணீரும்தான் கணக்கு. '5 பார்', '10 பார்' என்று எண் இருந்தால்தான் நீந்துவதைப் பற்றி யோசிக்கலாம். மீட்டர் கணக்கும் அப்படியே: 30 மீட்டர் என்பது அந்த ஆழத்துக்குப் போகலாம் என்ற அனுமதி இல்லை, அசையாத தண்ணீரில் அவ்வளவு அழுத்தத்தைச் சோதனைச்சாலையில் தாங்கியது என்ற பதிவு. நீந்தும்போது கையை வீசி அடிப்பதும், ஈரத்தில் பொத்தானை அழுத்துவதும் வேறு விஷயம். பொத்தான் உள்ளே போகும் இடத்தில்தான் தண்ணீர் வழி தேடும். குளத்தில் குளிப்பவர், வயலில் முழங்கால் நீரில் நிற்பவர், கொஞ்சம் கூடக் கொடுத்து அதே கசியோவின் டபிள்யூ-800எச் வாங்கலாம். 100 மீட்டர், பற்றரி 10 வருடம். கொஞ்சம் பருமன்தான், ஆனால் தண்ணீருக்குப் பயமில்லை.

இரண்டாவது வெளிச்சம். திரையின் இடப்பக்கம் ஒரு சிறு பச்சை விளக்கு எரியும். வலப்பக்க இலக்கம் மங்கலாகத்தான் தெரியும். யானைக்குக் காவல் இருந்து பரணில் விழித்திருப்பவருக்கு மணி மட்டும் தெரிந்தால் போதும் என்றால் சரி. மணிக்கொரு தடவை 'பீப்' என்று சொல்லும் வசதியை விட்டுவைத்தால் விளக்கே தேவைப்படாது. அலாரத்தையும் அளவுக்கு மேல் நம்பக்கூடாது. 20 செக்கன் மெல்லிய குரலில் கூப்பிட்டுவிட்டு ஓய்ந்துவிடும். மின்விசிறிச் சத்தத்தில் ஆழ்ந்து தூங்குபவரை அது எழுப்பாது. விடியற்காலை லொறி பிடிக்கவேண்டியவர் வேறு ஏற்பாட்டையும் வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது வெயில். தம்புள்ளை வெயிலில் பூட்டி நிறுத்திய லொறியின் கண்ணாடிக்கு அடியில் கழற்றி வைத்தால், திரை முழுக்கக் கறுத்துப்போகலாம். திரையில் இருப்பது திரவப் படிகம். சூடு எல்லை மீறினால் தன் ஒழுங்கை இழந்துவிடும். பயப்படாமல் நிழலில் ஆறவிடுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். அடிக்கடி நடந்தால் ஆயுள் குறையும். கையில் கட்டியிருக்கும் வரை இந்தப் பிரச்சினையே இல்லை, உடல் சூடு அதற்கு ஏற்றதே.

வெங்காயத் தோட்டக்காரர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். உறையும் பட்டியும் றெசின் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். பெற்றோல், தின்னர், கிருமிநாசினி, நுளம்புக்குப் பூசும் களிம்பு எல்லாம் அதைப் பழுதாக்கும். அதைவிடப் பெரிய விஷயம் தோல். மருந்து அடித்த பிறகு மணிக்கூட்டுக்கும் கைக்கும் இடையில் மருந்துத் துளியும் வியர்வையும் சேர்ந்து மணித்தியாலக் கணக்கில் கிடக்கும். மருந்து அடிக்கப் போகும்போது கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மற்ற நாட்களில் மாலையில் ஈரத்துணியால் பட்டியின் உட்புறத்தைத் துடைத்தால் அரிப்பும் வராது, பட்டியும் நாள் தாங்கும்.

பட்டிதான் முதலில் போகும். சில வருடங்களில் துளைப் பக்கம் வெடிக்கும், அல்லது நுனியைப் பிடித்து வைக்கும் வளையம் அறும். அதற்காக மணிக்கூட்டை எறியவேண்டாம். 18 மில்லிமீட்டர் அகலத் துணிப்பட்டி ஒன்றைக் கோத்துவிடலாம். திரையில் விழும் கீறலும் அப்படித்தான். அது கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக்; பற்பசையைத் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் மெல்லிய கீறல்கள் மறையும்.

பற்றரி விஷயத்தில் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் நல்ல மணிக்கூடுகள் பல இந்த இடத்தில்தான் சாகின்றன. ஏழு வருடம் என்பது கசியோவின் கணக்கு. விளக்கை ஓயாமல் அழுத்தினால் குறையும். கடையில் புதிதாக வாங்கியதிலும் பற்றரி தொழிற்சாலையில் போட்டதே, அதன் வயது அங்கிருந்தே தொடங்கிவிடும். மாற்றும்போது கேட்கவேண்டியது சிஆர்2016: 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 1.6 மில்லிமீட்டர் தடிப்பு, 3 வோல்ட். பின்மூடியில் நான்கு சிறு திருகாணி. திறந்ததும் முடிச்சுருள் போல் நுணுக்கமான ஒரு சுருள்வில் தெரியும். அது துள்ளி விழுந்து தொலைந்தால் மணிக்கூடு ஓடும், ஆனால் சத்தம் போடாது. மூடியின் ஓரத்தில் மெல்லிய கறுப்பு இறப்பர் வளையம் ஒன்று உண்டு. தண்ணீரைத் தடுப்பது அதுதான். என்னுடைய முதல் மணிக்கூடு ஒரு கடையில் பற்றரி மாற்றிய மறு மாதமே மாரி மழையில் நின்றுபோனது. திறந்து பார்த்தபோது அந்த வளையம் மூடிக்கடியில் நசுங்கி வெளியே பிதுங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து யாரிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று, வளையம் பள்ளத்துக்குள் சரியாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடவிடுவேன். பற்றரி போட்டும் திரையில் ஒன்றும் வராவிட்டால், 'ஏசி' என்று குறித்த புள்ளியையும் பற்றரியின் பின்புறத்தையும் ஒரு சிமிட்டாவால் ஒரு கணம் தொட்டு இணைக்கவேண்டும். உயிர் வந்துவிடும்.

வாங்கும்போது போலியும் கலந்திருக்கும். வலது பொத்தானை மூன்று செக்கன் அழுத்திப் பிடியுங்கள். அசலில் நேரம் இருந்த இடத்தில் நிறுவனத்தின் பெயர் தோன்றும். இதையும் பார்த்துச் செய்யும் போலிகள் வந்துவிட்டன என்பதால், பின்மூடியில் சிறு பெட்டிக்குள் 593 என்ற எண் தெளிவாகப் பொறித்திருக்கிறதா, எழுத்து மங்கலா, திருகாணி கோணலா என்றும் பாருங்கள். பெயரில்லாத மணிக்கூட்டை அதன் விலைக்கே விற்றால் குறை சொல்லமாட்டேன், அதுவும் நேரம் காட்டும். அசல் விலைக்குப் போலியை விற்பதுதான் அநியாயம், அதுவும் நாட்கூலிக்கு உழைக்கும் ஒருவருக்கு.

வாங்கி வந்தவுடன் நேரத்தைச் சரிசெய்து, மணிக்கொரு தடவை ஒலிக்கும் சத்தம் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். அலாரம் காட்டும் நிலையில் வலது பொத்தானால் அதைப் போடலாம், எடுக்கலாம். பிறகு, மாதமொருமுறை செக்கனைச் சரிசெய்வதைத் தவிர, கைவைக்கவேண்டியதில்லை. திகதியில் அடுத்த திருத்தம் 2028இல்: பெப்ரவரி 29 செவ்வாய்க்கிழமை. கிழமையைச் சரியாகக் காட்டும், திகதியை 1 என்று காட்டும். மறுநாள் புதன்கிழமை காலை, திகதியைச் சுற்றிவரச் செய்து 1இல் நிறுத்துங்கள். அப்போதும் முதல் பற்றரியே ஓடிக்கொண்டிருக்கக் கூடும்.