இரட்டையாய் இருக்கவேண்டிய கருவிகள்



கிளிநொச்சி நகருக்குக் கிழக்கே, இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர் வட்டக்கச்சி. அங்கே வண்டி பேணுதல் என்று சொன்னால் அது காரை மட்டும் குறிப்பதன்று. உழவு இயந்திரமும் அதன் பின்னே பூட்டிய பெட்டியும், இருசில்லு உழவு இயந்திரமும், மோட்டார்ச் சைக்கிளும், முற்றத்து மரநிழலில் நிற்கும் பழைய மொறிஸ் மைனரும் அச்சொல்லுள் அடங்கும். இவற்றைப் பேணும் கைக்கருவிகளுள் எவற்றை ஒன்றுக்கு இரண்டாக வைத்திருத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஒன்று கையில் இருக்கும்போது அதே கருவி மற்றொன்று எதற்கு என்று கேட்பது இயல்பே. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது வேலையின் தன்மை. இரண்டாவது வேலை நிகழும் இடம். மூன்றாவது அயலாரின் தேவை.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். போல்ட் ஒன்றின் தலை ஒருபுறமும் நட்டு மறுபுறமும் இருக்கின்றன. நட்டை மட்டும் திருகினால் போல்டும் உடன்சுழலும், நட்டு கழலாது. ஒரு கை தலையை அசையாமற் பிடிக்க, மறு கை நட்டைத் திருப்பவேண்டும். தலையும் நட்டும் பெரும்பாலும் ஒரே அளவின. ஆகவே ஒரே அளவு ஸ்பனர் இரண்டு இல்லாமல் இவ்வேலை செவ்வனே நடவாது. இரண்டாவது ஸ்பனர் இல்லாதவர் குறட்டை எடுக்கிறார். குறடு வழுக்கி, போல்டின் தலை மூலை மழுங்குகிறது. மழுங்கிய தலையைப் பின்னர் உளிகொண்டு வெட்டியே எடுக்கவேண்டி வரும். ஸ்பனர் ஒன்றின் விலையை மிச்சம் பிடிக்கப்போய் அரை நாளை இழந்ததாகும்.

இவ்விரண்டில் ஒன்று வளைய ஸ்பனராகவும் மற்றது வாய்திறந்த ஸ்பனராகவும் இருத்தல் சாலச் சிறந்தது. வளையம் நட்டின் ஆறு மூலைகளையும் பற்றுவதால் இறுகியதைத் தளர்த்துவதற்கு உரியது. வாய்திறந்தது இரு முகங்களை மட்டுமே பற்றும். தளர்ந்ததை விரைந்து சுழற்றுவதற்கும் மறுமுனையைப் பிடித்திருப்பதற்கும் அது போதும். மில்லிமீற்றர் அளவில் 10, 12, 13, 14, 17, 19 ஆகியவற்றை இவ்வாறு இரட்டையாக வைத்திருப்பவருக்கு அன்றாட வேலையிற் பெருங்குறை நேராது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஏறத்தாழ ஒத்திருப்பது இரட்டையாகாது. 1841ஆம் ஆண்டிலே யோசேப் விற்வேர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் திருகாணிப் புரிகளுக்கு ஒரு பொது அளவுமுறையை முன்வைத்தார். அம்முறைக்குரிய ஸ்பனரிலே பொறித்திருக்கும் எண் போல்டின் விட்டத்தைக் குறிக்கும். ஸ்பனர் வாயின் அகலத்தையன்று. அரை அங்குலம் என்று பொறித்த விற்வேர்த் ஸ்பனரின் வாய் ஏறத்தாழ 23.4 மில்லிமீற்றர் அகலமுடையது. பின்னர் 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் ஒருமித்த புரிமுறைக்கு உடன்பட்டன. அதன்பின் வந்த ஆங்கில வண்டிகளுக்குரிய ஸ்பனரில் அரை அங்குலம் என்றால் வாயின் அகலமே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். ஜப்பானிய வண்டிகளோ மில்லிமீற்றர் அளவின. முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீற்றர் ஆதலின் 19 எண் ஸ்பனர் அதிற் பொருந்தும். ஆனால் பதினாறில் ஒன்பது அங்குலம் 14.29 மில்லிமீற்றர், அதற்கு 14 நுழையாது, 15 தளர்ந்து மூலையைத் தேய்க்கும். பழைய ஆங்கில வண்டியும் புதிய ஜப்பானிய இயந்திரமும் ஒரே முற்றத்தில் நிற்குமாயின், இருவகை ஸ்பனர்களையும் வெவ்வேறு பைகளிற் பிரித்து வைத்தலே அறிவுடைமை.

ரயர் கழற்றும் நெம்புகோல் பிறப்பிலேயே இரட்டையானது. ஒன்று ரயரின் விளிம்பைச் சில்லுக்கு வெளியே தூக்கிப் பிடித்திருக்க, மற்றது அடுத்த பாகத்தை நெம்பவேண்டும். மூன்றாவது ஒன்று இருப்பின் இன்னும் நன்று. எதிர்ப்பக்க விளிம்பைச் சில்லின் நடுப்பள்ளத்தில் மிதித்து இறக்கிவிட்டால் வேலை இலகுவாகும்; வலிந்து நெம்பி உட்குழாயைக் கிழிக்க நேராது.

திருப்புளியும் இரண்டு வேண்டும். ஒன்று திருகாணிக்கு மட்டும். மற்றது நெம்பவும் சுரண்டவும். நெம்பிய திருப்புளியின் நுனி உருண்டுவிடும். அதைக்கொண்டு திருகாணியைத் திருகினால் அதன் வெட்டுவாய் சிதைந்துவிடும்.

வண்டியைத் தூக்கும் ஜக்கைப் பற்றிச் சொல்லும்போது, பேசப்படுவது இரும்பன்று, உயிர். மாரியில் நனைந்த மண்ணில் ஜக் ஒருபக்கம் புதைந்து சாயும். அதன் அடியிற் பலகை இடுதல் வேண்டும். தூக்கிய பின்னர், உறுதியான தாங்கியொன்றையோ அகன்ற மரக்குற்றியையோ வண்டியின் கீழ் வைத்து, பாரம் அதன்மேல் நிற்கச் செய்தல் வேண்டும். ஜக் ஒன்றை மாத்திரம் நம்பி எவரும் வண்டியின் கீழ் நுழையலாகாது. இரண்டாவது ஜக் இருப்பின், முதலாவது புதைந்தபோது மீண்டும் தூக்குவதற்கு அது உதவும்.

இரண்டாவது காரணம் இடம். ஒக்ரோபர் மழையோடு பெரும்போக விதைப்பு நெருங்கும். நிலம் பதமாய் இருக்கும் நாட்கள் சிலவே. உழவு இயந்திரம் வயல் நடுவே நின்றுவிட, கருவிகள் வீட்டில் இருந்தால், போய்வரும் நேரத்தில் மழை வந்துவிடலாம். அந்நாளின் உழவு போய்விடும். அடிக்கடி வேண்டும் ஐந்தாறு ஸ்பனர்கள், ஒரு குறடு, ஒரு திருப்புளி, சிறு சுத்தியல் ஆகியவற்றை ஒரு பையிலிட்டு வண்டியிலேயே நிரந்தரமாக வைத்துவிடுதல் வேண்டும். வீட்டுக் கருவிகள் வீட்டிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது காரணம் இரவல். அயலவர் வந்து கேட்கும்போது இல்லை என்று சொல்ல நம் ஊர்களில் யாருக்கும் மனம் வருவதில்லை. இரண்டு உள்ள வீட்டில் ஒன்று ஊருக்கு உரியதாகும். மற்றது வீட்டுக்கு உரியதாக நிற்கும். கொடுத்ததால் தன் வேலை கெட்டது என்ற மனக்குறையும் எழாது.

வடபுலத்தார் இவ்வருமையை நூலிற் படித்து அறிந்தவரல்லர். 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தடை இருந்த காலத்தில், மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் சிறிது பெற்றோல் ஊற்றிக் கிளப்பப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் முற்றாக எரியாமற் கரி படியும். பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைக்கவேண்டும். அக்காலத்தில் பிளக் ஸ்பனர் ஒன்று தொலைவதென்றால் வண்டியே தொலைந்ததற்கு ஒப்பாகும். 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் குடும்பங்களையும் நெல்மூட்டைகளையும் சுமந்து சென்றவை உழவு இயந்திரப் பெட்டிகளே. வழியில் நின்றுவிட்ட இயந்திரத்தை மீண்டும் ஓடச் செய்ய, கையில் இருந்த கருவியை விட்டால் வேறு துணை இல்லை. மேலும், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாடு முழுவதுமே உள்ள வண்டியைப் பேணி ஓட்டும் பாடத்தைக் கற்றது.

எல்லாவற்றையும் இரட்டிக்க வேண்டும் என்பது கருத்தன்று. இறுக்க விசை காட்டும் ஸ்பனர், தாங்கி உருளை இழுக்கும் கருவி, இடைவெளி அளக்கும் தகட்டுமானி ஆகியவை அரிதாகவே வேண்டப்படுபவை. மொறிஸ் மைனர் வால்வின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. அதை அளக்கத் துருப்பிடியாத தகட்டுமானி ஒன்றே போதும். இத்தகையவற்றில் ஒன்றை எண்ணெய் பூசித் துணியிற் சுற்றி வைத்தல் நன்று.

நவராத்திரியின் முடிவிலே கருவிகளைக் கழுவிப் பொட்டிட்டு ஆயுத பூசை செய்கிறோம். அது பெரும்போக மழை தொடங்கும் வேளையை ஒட்டியே வருகிறது. அன்று கருவிகளை மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்து, சோடி சோடியாக அடுக்கிப் பாருங்கள். எந்தச் சோடியில் ஒன்று குறைகிறதோ, அதை விதைப்புக்கு முன்னரே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.