காலை 5:29:60

ஊட்டிக்கு அருகே முத்தோரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனக் குழு 1970-இல் அதைக் கட்டி முடித்தது. ஊட்டியின் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி. அதே அளவுக்குச் சரிந்த மலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால், ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம்.

இங்கே கடிகாரம் பிசகக் கூடாது. தொலைதூர ரேடியோ மூலங்களை நிலா மறைக்கும் கணத்தைக் குறித்து அவற்றின் இடத்தைக் கணிப்பதுதான் தொலைநோக்கியின் தொடக்ககாலப் பணி. நிலா நொடிக்குச் சுமார் அரை வில்நொடி நகர்கிறது; நேரம் ஒரு நொடி தவறினால் இடமும் அவ்வளவு தவறும். பின்னாளில் இங்கு கண்காணிக்கப்பட்ட வேலா துடிப்பு விண்மீனோ நொடிக்கு 11 முறை சுழல்கிறது.

இப்படி ஒரு நொடி பிசகுவது கணினிகளுக்கும் தலைவலி. பூமியின் சுழற்சி சீரானதல்ல. அணுக்கடிகாரம் காட்டும் உலக நேரம் அதைவிட்டு விலகிப் போகாமலிருக்க, 1972 முதல் 27 கூடுதல் நொடிகள், அதாவது லீப் நொடிகள், சேர்க்கப்பட்டுள்ளன. அவை சேர்வது கிரீன்விச் நேரப்படி நள்ளிரவில்; அப்போது நமக்கு விடிகாலை. கடைசி லீப் நொடி 2017 ஜனவரி 1 அன்று, இந்திய நேரப்படி 5:29:59-க்கும் 5:30:00-க்கும் நடுவே வந்தது.

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களின் கணக்கில் ஒரு நாளுக்கு 86,400 நொடிகள்தான். நொடியில் 60 என்ற எண்ணுக்கு அங்கே இடமில்லை. ஆகவே விளைவைச் சோதிப்பவர்கள் ஒரு கணினியை வலையிலிருந்து துண்டித்து, உலக நேரப்படி ஜூன் 30, 23:59:50 என்று வைத்து, லீப் நொடிக்கான அறிவிப்பைக் கொடுத்துக் காத்திருப்பார்கள். திரையில் 58, 59, மறுபடியும் 59, பிறகு 00 என்று ஓடும். ஒரே நேரமுத்திரை இரு வேறு நிகழ்வுகளுக்கு! எது முந்தியது என்று தரவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கடிகாரத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதை 2012 காட்டியது. அந்த ஜூன் 30-இல் லினக்ஸின் உள்ளே இருந்த டைமர்கள் புதிய நொடியை அறியாமல் போயின. சிறு இடைவெளி தூங்கி எழ வேண்டிய நிரல்கள் தூங்காமலே சுழன்று, கணினிகளின் செயலிகளை முழுதாக விழுங்கின. ரெட்டிட் தளம் முடங்கியது. ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் விமானங்கள் தாமதமாயின. நிரல்களை வேலையில் ஓடவிட்டுச் சோதித்தால்தான் இத்தகைய பிழை வெளிப்படும்.

கூகுள் வேறு வழி பிடித்தது: கூடுதல் நொடியைப் பல மணி நேரத்தில் துளித்துளியாகக் கலந்துவிடுகிறது. வணிகத்துக்கு அது நல்ல ஏற்பாடு. துடிப்பு விண்மீனை அளப்பவர்களுக்கு ஆகாது. அந்த நேரம் முழுக்க கடிகாரம் சற்றே பொய் சொல்லும். அவர்களுக்கு லீப் நொடியே இல்லாத அணு நேரம்தான் உகந்தது.

2035-க்குள் லீப் நொடி முறையைக் கைவிட 2022-இல் உலக நாடுகள் முடிவெடுத்தன. அதற்குள் பூமி இன்னும் விரைந்து சுழன்றால், ஒரு நொடியைக் கழிக்க நேரலாம். 58-க்குப் பின் நேராக 00. இதுவரை எந்தக் கணினியும் அதைச் சோதனைக்கு வெளியே சந்தித்ததில்லை.