'பெர்தா' என்னும் கடல்மீன்: பெயரும் பொருளும்

ஒரு சொல் பல பொருளைக் குறித்து நிற்றலும், ஒரு பொருள் பல சொற்களால் வழங்கப்பெறுதலும் தமிழ் பயில்வார்க்குப் புதியன அல்ல. தொல்காப்பியர் திரிசொல்லை இவ்விரு வகையாகவே பகுத்தார். திவாகரம் முதலான நிகண்டுகள் ஒருசொற் பல்பொருட் பெயர்களைத் தனித் தொகுதியாக அமைத்தன. ஆயின், ஒரு பெயருக்குரிய பொருள் இதுவே என்று அறுதியிடும் முறை யாது என்னும் வினாவிற்கு நிகண்டுகளில் விடை காண்டல் அரிது. உயிர்ப்பெயர்களிடத்து இக்குறை பெரிதும் புலனாகின்றது. 'ஒருவகை மீன்' என்று கூறி உரையும் அகராதியும் அமைந்துவிடுவதை நாம் பலகாலும் காண்கின்றோம். இவ்விடத்து உயிர்நூலார் கையாளும் முறை நமக்குப் பயன்படுவதொன்று. அதனைப் பொதுப்படக் கூறுவதினும் ஒரு மீனின் பெயர் வரலாற்றைக் கொண்டு விளக்குதல் நலம். செங்கடற் பகுதியிற் பெயர்பெற்ற 'பெர்தா' என்னும் மீனை அதன்பொருட்டு எடுத்துக்கொள்கின்றோம்.

இம்மீன் ஸ்பாரிடே என்னும் குடும்பத்தைச் சார்ந்தது. அக்குடும்பத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள. அவற்றுள் தொன்றுதொட்டுப் புகழ்பெற்றது மத்தியதரைக் கடலில் வாழும் பொற்புருவ மீன். கிரேக்கர் அதனைப் 'பொன் போலும் புருவமுடையது' எனப் பொருள்படும் கிரைசோஃப்ரிஸ் என்னும் பெயரால் வழங்கினர். அரிஸ்டாட்டில் தம் விலங்கு நூலில் அதனைக் குறிப்பிடுகின்றார். 1758-இல் லின்னேயஸ் அதற்கு ஸ்பாரஸ் அவுராட்டா என்று இலத்தீனில் பெயரிட்டார்.

லின்னேயசின் மாணாக்கருள் ஒருவர் பீட்டர் போர்ஸ்கோல். டென்மார்க்கு அரசர் அரபு நாட்டிற்கு விடுத்த ஆய்வுக் குழுவில் இவர் இயற்கைநூல் வல்லுநராய் அமர்ந்து, 1761-இல் கோபனேகனினின்றும் புறப்பட்டார். அக்குழுவின் தோற்றுவாய் மொழியாராய்ச்சியே. விவிலியச் சொற்பொருளைத் தெளிவதற்கு அரபு நாட்டின் மொழியும் செடிகொடிகளும் விலங்குகளும் துணைசெய்யும் என்று கெட்டிங்கன் பல்கலைக்கழகத்து அறிஞர் மிக்கேலிஸ் எடுத்துரைத்ததன் பயனாக அது அமைந்தது. மொழிநூல் அறிஞர் ஒருவரும் உடன் சென்றார். எனினும், மீனவரிடமும் ஊராரிடமும் கேட்டுப் பெயர்களை எழுதிக்கொள்ளும் பணியில் முந்தி நின்றவர் போர்ஸ்கோலே. சொல்லாராய்ச்சி சொல்லறிஞர்க்கே உரியதென்று எண்ணுவார்க்கு இது நல்ல விடை.

அவர் தாம் கண்ட மீன்கள் பலவற்றிற்கு இலத்தீனில் புதுச்சொல் புனையாது, அரபுப் பெயரையே இனப்பெயராக ஏற்றுக்கொண்டார். பெர்தா, சர்பா, ஹஃபாரா என்பன அவ்வாறு வந்தவை. இவற்றுள் இறுதியது தோண்டுதலைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லோடு இயைந்தது. கரையோர மக்களின் வழக்குச்சொற்கள் இங்ஙனம் உலகப் பொதுவான அறிவியற் பெயர்களாயின.

போர்ஸ்கோல் 1763-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஏமன் நாட்டு யரீம் நகரில் காய்ச்சலுற்று இறந்தார். குழுவினருள் உயிரோடு மீண்டவர் நிலப்படம் வரையச் சென்ற கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. அவர் 1767-இல் ஊர் திரும்பியபின், நண்பரின் குறிப்புகளைத் தொகுத்து 1775-இல் அச்சேற்றினார். பெர்தா என்னும் பெயர் அந்நூலில்தான் முதன்முதல் வெளிப்பட்டது. ஆசிரியர் மறைந்த பின்னர்ப் பிறர் பதிப்பித்த நூலில் எழக்கூடிய ஐயங்கள் யாவை என்பதைச் சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர் நன்கறிவர்.

இனி, மீனின் அடையாளங்களைக் காண்போம். உடல் உயர்ந்து பக்கங்கள் தட்டையாய் இருக்கும். நிறம் வெள்ளி கலந்த சாம்பல் முதல் கரும்பழுப்பு வரை வேறுபடும். துடுப்புகள் பெரும்பாலும் கருமை சார்ந்தவை. முதுகுத் துடுப்பில் பதினொரு முட்களும், அவற்றின் பின்னே பெரும்பாலும் பதினொரு மென்கதிர்களும் உள. குதத் துடுப்பில் மூன்று முட்களும் எட்டு அல்லது ஒன்பது மென்கதிர்களும் காணப்பெறும். அம்மூன்றனுள் இரண்டாவது முள் மிகத் தடித்து, மூன்றாவதினும் நீண்டு நிற்கும். தாடையின் முன்புறத்தில் உளி போன்ற பற்களும், உட்புறத்தில் கூழாங்கல் போல உருண்ட கடைவாய்ப் பற்களும் பல வரிசையாய் அமைந்திருக்கும். சிப்பிகளையும் நண்டுகளையும் நொறுக்கி உண்பதற்கு இவை கருவி. கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளை அடுத்த நீர்நிலைகளிலும் இம்மீன் மிகுதியாக வாழ்கின்றது.

இவ்வளவில் இனம் தெளிந்துவிடுமோ எனின், தெளியாது. சர்பா என்னும் மீனுக்கும் முதுகில் பதினொரு முட்களே. அதனைப் பிரித்தறியக் குதத் துடுப்பினை நோக்குதல் வேண்டும். அங்கு மென்கதிர்கள் பத்து அல்லது பதினொன்றாய் இருக்கும்; இரண்டாம் முள்ளும் அத்துணைத் தடித்திராது. மேலும், சர்பாவின் செதில் வரிசைகளின்மேல் பொன்னிறக் கோடுகள் ஓடும். ஒரு பொருளை விளக்குவது அதன் இயல்பைக் கூறுவதனோடு முடிவதன்று. அண்டையிலுள்ள பிறிதொன்றினின்றும் அது எவ்வாறு வேறுபடுகின்றது என்று காட்டுவதே விளக்கத்தின் உயிர்நிலை. நம் அகராதிகளிற் பல இப்பகுதியை விடுத்துவிட்டன.

நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் இடர் தருவது. வாழும் நீரின் தன்மைக்கேற்பவும் இறந்த பின்னரும் நிறம் மாறும். முள்ளும் கதிரும் செதிலும் அவ்வாறு மாறுவன அல்ல. போர்ஸ்கோல் மீன்களின் ஒரு பக்கத்துத் தோலை உரித்து உலர்த்தி, செடிகொடிகளைப் போலத் தாளில் ஒட்டி வைத்தார். அவ்வாறு உலர்ந்த தோல்கள் பல கோபனேகன் விலங்கியல் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. அவற்றின் செதில்களையும் கதிர்களையும் இப்பொழுதும் எண்ணலாம். இத்தகைய மூலமாதிரியே உயிர்நூலார்க்கு இறுதிச் சான்று. விளக்கத்திற் பிழை நேரலாம். பெயரை எழுதியவர் தவறாகக் கேட்டிருக்கலாம். பெயர் எதனைக் குறித்தது என்ற ஐயம் எழுமிடத்து மூலமாதிரியிடம் மீள்வர். பாடவேறுபாடு மலிந்த இடத்து நாம் மூத்த சுவடியைத் தேடிச் செல்வதனோடு இதனை ஒப்பிடலாம். ஒரு வேற்றுமையும் உண்டு. நம்மிடம் எஞ்சியவை பெரும்பாலும் படியின் படிகள். அவர்தம் கையில் இருப்பதோ பெயர்பெற்ற பொருளே.

இம்முறையின் பயன் 2010-இல் நன்கு விளங்கிற்று. அதற்குமுன் நெடுங்காலம் செங்கடல் முதல் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரை வரையிலும், கிழக்கே மேலைப் பசிபிக் கரைகள் வரையிலும் கிடைத்த மீன்கள் பல பெர்தா என்ற ஒரு பெயராலேயே சுட்டப்பெற்றன. யுகியோ இவாட்சுகியும் பிலிப் ஈம்ஸ்திராவும் அவற்றை ஒப்புநோக்கி, மொசாம்பிக்கு, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் மீன்களுள் வேறோர் இனம் உளதென்று நாட்டினர். அதற்குப் பெர்லின் நகர விலங்கியலார் பீட்டர்ஸ் 1852-இலேயே, அலைந்து திரிவது எனப் பொருள்படும் வேகஸ் என்னும் பெயரை இட்டிருந்தார். வழக்கு வீழ்ந்த அப்பெயர் மீண்டும் உயிர்பெற்றது. அதே ஆண்டில் இவாட்சுகியும் வேறு இருவரும் மேலைப் பசிபிக்கு மீனைப் பசிஃபிகஸ் எனப் புதிய இனமாக வகுத்தனர். ஒரு சொல்லின்கீழ் மூன்று பொருள் மறைந்து கிடந்தமை இவ்வாறு வெளிப்பட்டது. இதனால், அவ்விரு கடற்பகுதிகளின் மீனைப் பற்றிப் பெர்தா என்ற பெயரில் முன்னர் எழுதப்பெற்றவை எம்மீனைக் குறித்தன என்று மீண்டும் ஆராயும் கடமை ஏற்பட்டுள்ளது.

இதற்கு மறுதலையான நிலையைச் சப்பானியர் வழக்கிற் காணலாம். பெர்தாவின் பேரினத்தைச் சேர்ந்த கருமீன் ஒன்றனை அந்நாட்டின் கந்தோ பகுதியார் சிறு குஞ்சாய் இருக்கையில் சின்சின் என்றும், சற்று வளர்ந்தபின் கைசு என்றும், முதிர்ந்தபின் குரோதை என்றும் அழைப்பர். மூன்றும் மூன்று மீன்களின் பெயரென்று கருதி அகராதியில் எழுதுவோன் பெரும் பிழை செய்தவனாவான்.

தமிழ் அகராதிகளின் நிலை யாது? சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி (1924-1936) மீன்பெயர் பலவற்றிற்கு நிறம், நீளம், அறிவியற் பெயர் ஆகியவற்றைத் தந்து நிகண்டினும் ஒரு படி முன்னேறியது. இது போற்றத்தக்கது. எனினும் பழைய நூல்களிலுள்ள அறிவியற் பெயர்களை இன்று அவ்வாறே எடுத்தாளுதல் கூடாது. சென்னைப் படைப்பிரிவின் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே தம் இந்திய மீன்கள் என்னும் நூலில் (1875-1878) பெர்தாவைக் கிரைசோஃப்ரிஸ் என்ற பேரினத்தில் வைத்தார். இன்றோ அது அகாந்தோபாக்ரஸ் எனும் பேரினத்தது. பழம்பெயரைக் கண்டவர், அது இன்று எப்பெயராய் வழங்குகின்றது என்று தேடிக் காணுதல் வேண்டும்.

நெய்தல் நிலத்து வழக்குச்சொற்களைத் தொகுக்கச் செல்லும் நம் ஆய்வு மாணவர் பெயரும் ஊரும் நாளும் எழுதிக்கொள்கின்றனர், மீனை எண்ணுவதில்லை. முதுகு முட்கள் எத்தனை, குதத் துடுப்பின் மென்கதிர்கள் எத்தனை, இரண்டாம் முள் மூன்றாவதினும் நீண்டதா என்னும் மூன்றனையும் ஒவ்வொரு பெயரோடும் எழுதிவருதல் அரிய செயலன்று. மீன் எந்த அளவினதாய் இருக்கையில் அப்பெயர் வழங்குகின்றது என்பதனையும் மீனவரிடம் கேட்டுக் குறித்தல் வேண்டும். நிறத்தை மீன் கரைசேர்ந்தவுடனே எழுதிக்கொள்ளவேண்டும். முட்களையோ கருவாடான பின்னரும் எண்ணலாம்.