கண்ணாடி இழை கேபிள் பணி: மலைத்தோட்ட இளைஞர்களுக்கு நிலையான வேலை எதில் கிடைக்கும்?

சூரியநெல்லி (இடுக்கி): தேயிலைத் தோட்ட வேலைக்கு மாற்றுத் தேடும் இளைஞர்களுக்கு, ஆப்டிகல் ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழை கேபிள் பணி ஒரு வாய்ப்பாகும். ஆனால், கேபிளை இழுக்கும் வேலையும் அதனை இணைத்துப் பராமரிக்கும் வேலையும் ஒன்றல்ல. பயிற்சியில் சேரும் முன் இந்த வேறுபாட்டை அறிவது அவசியம்.

வேலை எங்கே உள்ளது?

கேரள அரசின் கே-ஃபோன் திட்டம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. மின்வாரியக் கம்பங்கள் வழியே செல்லும் இந்தக் கேபிளிலிருந்து, உள்ளூர் கேபிள் டிவி நடத்துநர்கள் மூலம் வீடுகளுக்கு இணைப்பு வழங்கப்படுகிறது. போடிமெட்டு வழியாக மலையிறங்கினால் தேனி மாவட்டம். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு டான்ஃபினெட் நிறுவனத்திடம் உள்ளது.

மத்திய அரசு, திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்திற்கு 2023 ஆகஸ்டில் ரூ.1,39,579 கோடி ஒப்புதல் அளித்தது. அதில் கட்டமைப்புக்கு 3 ஆண்டுகள், பராமரிப்புக்கு 10 ஆண்டுகள். நீடித்த வேலை எதில் என்பதை இந்தக் கணக்கே உணர்த்துகிறது.

இழுப்பதும் இணைப்பதும்

குழி தோண்டுதல், கம்பத்தில் கேபிள் கட்டுதல் போன்றவை ஒப்பந்ததாரரின் தினக்கூலி வேலைகள். ஒரு பகுதியில் பணி முடிந்தால் அங்கு வேலையும் முடியும். அறுந்த இழையைச் சேர்ப்பது தனித்திறன். 125 மைக்ரான் தடிமனுள்ள இழையின் முனைகளை நேராக வெட்டி, ஸ்பிளைசிங் கருவியின் மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். ஓடிடிஆர் கருவி ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு எத்தனை மீட்டர் தொலைவில் பழுது உள்ளது எனக் காட்டும். மழைக்காலத்தில் மரம் விழுவதும் மண் சரிவதும் வழக்கமான மலைப்பகுதியில் இத்திறனுக்குத் தேவை தொடரும்.

பயிற்சியில் கேட்க வேண்டியவை

தொலைத்தொடர்புத் துறைத் திறன் கவுன்சில், ஃபைபர் டெக்னீஷியன், ஸ்பிளைசர் பணிகளுக்குத் தகுதித் தரம் வகுத்துள்ளது. பிரதமரின் கௌஷல் விகாஸ் திட்டத்தின் கீழ் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. தனியார் மையத்தில் பணம் செலுத்தும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஸ்பிளைசிங், ஓடிடிஆர் கருவிகளைப் பயிற்சியாளர் தம் கையால் இயக்க முடியுமா? சான்றிதழை வழங்குவது யார்? முன்பு பயின்றவர்கள் இப்போது எங்கே பணிபுரிகின்றனர்?

கம்பத்தில் ஏறுவதற்கான பாதுகாப்புப் பெல்ட், விபத்துக் காப்பீடு ஆகியவற்றை வேலை தருபவரிடம் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். ஒளி செல்லும் இழையின் முனையைக் கண்ணால் நேராகப் பார்க்கக் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பார்வையைப் பாதிக்கக்கூடும்.

லயத்து வீடு

தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மற்றொரு கணக்கும் உண்டு. லயத்து வீடு தோட்ட வேலையோடு பிணைந்தது. குடும்பத்தில் ஒருவரேனும் தோட்ட வேலையில் இருக்கும்போதே மற்றொருவர் பயிற்சி பெற்று, கேபிள் நடத்துநரிடம் மாத ஊதியப் பணி உறுதியான பின் அடுத்த முடிவை எடுப்பது பாதுகாப்பானது.