பரணில் இருந்து இறங்கிய பித்தளை ஸ்டவ்
துலக்கினால் மட்டும் போதாது. சோதித்த பிறகே தீக்குச்சி!

"புஸ்" என்று ஒரு சத்தம். வட்டமாக ஒரு நீலத் தீ. சிறிது நேரத்தில் காப்பி தயார்!

ஒரு காலத்தில் முத்துப்பேட்டை வீடுகளில் விடியற்காலையில் கேட்ட சத்தம் இது. பம்ப் ஸ்டவ் போட்ட சத்தம். இன்று அந்த வீடுகளில் கேஸ் அடுப்பு எரிகிறது. பித்தளை ஸ்டவ், பரணில் சாக்குக்குள் தூங்குகிறது.

பரணை ஒழிக்கும் நாளில் அது கீழே வரும். பேரன் கேட்பான்: "பாட்டி, இது இன்னும் எரியுமா?"

"ஏன் எரியாது?" என்று பாட்டி உடனே சொல்லிவிடக் கூடாது. அதற்குக் காரணம் இருக்கிறது.

எவரெஸ்ட் வரை

சுவீடன் நாட்டில் பிரான்ஸ் வில்லெம் லிண்ட்க்விஸ்ட் என்பவர் 1892-ம் ஆண்டில் இந்த ஸ்டவ்வை உருவாக்கினார். "பிரைமஸ்" என்று அதற்குப் பெயர். கரி பிடிக்காத அடுப்பு என்பதால் உலகம் முழுவதும் பரவியது.

1953 மே 29-ந் தேதி டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறினார்கள். அன்று காலை ஹில்லாரியின் பூட்சு குளிரில் உறைந்து கல்லாகி இருந்தது. பிரைமஸ் தீயில் காட்டித்தான் அதை இளக்கினார்!

நெல் விளையும் தஞ்சைச் சீமையில் வரட்டி, உமி, தென்னை மட்டை இவைதான் அடுப்பெரித்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் விறகு நனைந்துவிட்டால் சமையற்கட்டு முழுவதும் புகை. கண் எரியும், இருமல் வரும். அந்தப் பெண்களுக்குப் புகையில்லாத தீ ஒரு வரப்பிரசாதமாக இருந்தது.

நீலத் தீ எப்படி வருகிறது?

பம்ப் அடித்தால் எண்ணெய்த் தொட்டிக்குள் காற்று அடைபடுகிறது. அந்தக் காற்று மண்ணெண்ணெயை மேலே தள்ளுகிறது. சூடாக இருக்கும் பர்னருக்குள் எண்ணெய் ஆவியாகிறது. அந்த ஆவி, "நிப்பிள்" என்ற மயிரிழைத் துளை வழியாகச் சீறிவந்து, வெளிக்காற்றுடன் கலந்து நீலமாக எரிகிறது.

நீலத் தீயைத் தருவது அந்த அழுத்தம். ஆபத்தைத் தருவதும் அதே அழுத்தம்தான்!

"ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு" என்ற செய்தி ஒரு காலத்தில் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தது. சில சாவுகளுக்கு உண்மைக் காரணம் வரதட்சணைக் கொடுமை. பழி மட்டும் ஸ்டவ் மேல்! 1986-ல் வரதட்சணைச் சாவு சட்டத்தில் தனிக் குற்றமாகவே சேர்க்கப்பட்டது. ஆனால் உண்மையான ஸ்டவ் விபத்துகளும் நடந்தன. கவனக் குறைவே அவற்றில் பலவற்றுக்குக் காரணம்.

துலக்குவது எப்படி?

முதலில் தொட்டியில் உள்ள பழைய எண்ணெயைக் கொட்ட வேண்டும். புது மண்ணெண்ணெய் கொஞ்சம் விட்டுக் குலுக்கி, கசடு போகும்வரை கழுவ வேண்டும். பெட்ரோல் கூடவே கூடாது. பக்கத்தில் தீயும் இருக்கக் கூடாது.

முத்துப்பேட்டை கடலோர ஊர். உப்புக் காற்றில் பித்தளை பச்சைக் களிம்பு பிடிக்கும். இரும்புக் கால்கள் துருப்பிடிக்கும். மூடியை இறுக்கிவிட்டு, புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்தால் களிம்பு போய்விடும். மணல் போட்டுத் தேய்த்தால் பித்தளையில் கீறல் விழும். பொறித்த எழுத்தும் மங்கிவிடும்.

அடுத்தது பம்ப். உள்ளே கிண்ணம் போல ஒரு தோல் வாஷர் இருக்கும். காய்ந்து சுருங்கியிருந்தால் எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். கிழிந்திருந்தால் புதிது போட வேண்டும். பம்ப் அடித்ததும் கைப்பிடி தானாக மேலே எழும்பினால் அடியில் உள்ள வால்வு கெட்டிருக்கிறது. அது ரிப்பேர்காரர் வேலை.

நிப்பிளை ஸ்டவ் பின்னால் மட்டுமே குத்த வேண்டும். தையல் ஊசியால் குத்தினால் துளை பெரிதாகும். தீ மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி ஏறும்.

சோப்பு நுரை சொல்லும் தீர்ப்பு

இனிதான் முக்கியமான சோதனை. தொட்டி காலியாக இருக்கட்டும். திருகை மூடிவிட்டு, பத்து இருபது முறை பம்ப் அடியுங்கள். தொட்டியின் ஓரம், மூடி, பர்னர் சேரும் இடம் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவுங்கள்.

நிப்பிளில் காற்று வரலாம். வேறு எங்கே குமிழி வந்தாலும், அந்த ஸ்டவ் அன்று எரியக் கூடாது! மூடியில் குமிழி என்றால் வாஷர் மாற்றினால் போதும். தொட்டியிலோ பர்னர் அடியிலோ குமிழி வந்தால் விவரம் தெரிந்த ரிப்பேர்காரரிடம் கொடுக்க வேண்டும்.

பற்றவைக்கும்போது

குமிழி இல்லையா? முக்கால் தொட்டிக்கு மேல் எண்ணெய் விட வேண்டாம். முற்றத்தில் வைத்து, திருகைத் திறந்துவிட்டு, கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவையுங்கள். அது அணையப் போகும் நேரத்தில் திருகை மூடி, மெதுவாக பம்ப் அடியுங்கள். மஞ்சள் தீ மேலே எழும்பினால் உடனே திருகைத் திறந்துவிடுங்கள். அடுப்பு எரியும்போதும், சூடு ஆறும் முன்பும் எண்ணெய் ஊற்றாதீர்கள். நைலான் சேலை கட்டிக்கொண்டு பக்கத்தில் போகாதீர்கள். குழந்தைகள் எட்டி நிற்கட்டும்.

சோதனையில் தேறாத ஸ்டவ்வைப் பழைய பித்தளைக்குப் போட வேண்டுமா? வேண்டியதில்லை. துலக்கிக் கூடத்து அலமாரியில் வைக்கலாம். இத்தனை வருடம் அந்த வீட்டுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த ஸ்டவ்வுக்கு அந்த மரியாதை தகும்.

தேறிவிட்டால், பாட்டியே பம்ப் அடிக்கட்டும். எத்தனை அடி என்று அந்தக் கைக்குத் தெரியும்!